பிரேக்கர் விழவில்லை, பிளக் மட்டும் ஏன் உருகியது?

நோன்பு மாதத்தில் ஒரு நாள் ஸஹர் நேரம். சாய்ந்தமருதில் கடற்கரையை அண்டிய ஒரு வீட்டுக் குசினியில் பிளாஸ்டிக் கருகும் மணம். கேத்தலும் ரைஸ் குக்கரும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் ஓடியிருக்கின்றன. அந்த வயர் செருகியிருந்த சுவர் பிளக் பழுப்பாகி உருகிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. பிள்ளைகளுடன் தனியாக வாழும் அந்த ராத்தா, நான் போனபோது கேட்டது ஒரு கேள்விதான்: “பிரேக்கரும் விழல்ல, ட்ரிப் சுவிட்சும் விழல்ல. அப்ப எப்படித் தம்பி இது எரிஞ்ச?”

நியாயமான கேள்வி. இதற்கான பதில் சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்த இரண்டு சமன்பாடுகளில் இருக்கிறது.

ஒன்று ஓமின் விதி. ஜேர்மனியரான ஜோர்ஜ் ஓம் 1827இல் வெளியிட்டது. வோல்ற்றளவை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை வரும். மற்றது வலு. வோல்ற்றளவை மின்னோட்டத்தால் பெருக்கினால் வாற்று வரும்.

போர்க்காலத்தைக் கண்டவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு சைக்கிள் டைனமோ போதும். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. டைனமோவைச் சுற்றித்தான் பலர் வானொலி கேட்டார்கள். வழக்கமான சைக்கிள் டைனமோ 6 வோல்ற்று, 0.5 அம்பியர். பெருக்கினால் 3 வாற்று. வகுத்தால், அதில் எரியும் பல்பின் தடை 12 ஓம்.

இப்போது நம் குசினிக்கு வருவோம். நமக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று. கேத்தலின் அடியில் 2000 வாற்று என்று எழுதியிருந்தால், 2000ஐ 230ஆல் வகுக்க 8.7 அம்பியர். தடை, 230ஐ 8.7ஆல் வகுக்க, ஏறத்தாழ 26 ஓம். 1000 வாற்று ரைஸ் குக்கர் 4.3 அம்பியர் இழுக்கும். இரண்டையும் சேர்த்தால் 13 அம்பியர். (மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி போன்ற மோட்டார் உள்ளவற்றுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சூடாக்கும் கருவிகளுக்குச் சரியாக வரும்.)

அந்த வீட்டுப் பிளக்குகளுக்கான பிரேக்கர் 20 அம்பியர். 13 அம்பியருக்கு அது ஏன் விழ வேண்டும்? பிளக்குக்குள் இருக்கும் 13 அம்பியர் பியூஸும் இந்த அளவில் எரியாது. ஆனால் அவர் பாவித்த மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் 0.75 சதுர மில்லிமீற்றர். அது தாங்குவது 6 அம்பியர்தான். முதல் பிழை அது.

இரண்டாவது பிழை கண்ணுக்குத் தெரியாதது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று நம் ஊர்களெல்லாம் கடலோரம். உப்புக் காற்று பிளக்கின் உள்ளே போய் ஈரத்தைப் பிடித்து வைக்கும். செம்பு, பித்தளைத் தகடுகளில் களிம்பு ஏறும். இறுக்கம் தளரும். தொடும் இடத்தில் தடை கூடும். 2004 டிசம்பர் 26 சுனாமி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதன் பிறகு கட்டிய வீடுகளின் வயரிங் இன்று ஏறத்தாழ இருபது வருடப் பழசு.

தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே உண்டாகும் வெப்பத்தைக் கணக்கிட, மேலே சொன்ன இரண்டு சமன்பாடுகளையும் சேர்க்க வேண்டும்: மின்னோட்டத்தை அதே மின்னோட்டத்தால் பெருக்கி, தடையாலும் பெருக்குங்கள். 13 × 13 × 0.5 = 84.5 வாற்று. ரேடியோ திருத்தும் கடையில் ஈயம் உருக்கும் கருவி பெரும்பாலும் 60 வாற்றுக்கு மேல் போகாது. அதைவிடக் கூடிய சூடு, சுவரில் ஒரு விரல் நுனி அளவு இடத்தில்.

அதே பிளக்கில் 9 வாற்று எல்.ஈ.டி. பல்பு போட்டால்? மின்னோட்டம் 0.04 அம்பியர். இணைப்பில் உண்டாகும் வெப்பம் ஒரு வாற்றில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பல்பு ஒழுங்காக எரிவதால் பிளக் நல்லது என்று நாம் நம்பிவிடுவது இதனால்தான்.

பிரேக்கர் பார்ப்பது மின்னோட்டம் அளவு கடக்கிறதா என்பதை. ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது மின்சாரம் வெளியே கசிகிறதா என்பதை. ஈரமான உடலின் தடை 1000 ஓம் என்றால் 230 வோல்ற்றில் 0.23 அம்பியர் பாயும். அது உயிரைப் பறிக்கும். ஆகவேதான் வீட்டு ட்ரிப் சுவிட்ச் 0.03 அம்பியர் கசிந்தாலே விழும்படி செய்யப்படுகிறது. தளர்ந்த இணைப்பிலோ மின்னோட்டம் கூடுவதும் இல்லை, கசிவதும் இல்லை. சூடு மட்டும் ஏறுகிறது. அதைப் பார்க்க அந்த வீட்டில் எந்தக் கருவியும் இல்லை. ராத்தாவின் கேள்விக்குப் பதில் இதுதான்.

ஆகவே பார்க்க வேண்டியது நாம்தான். கேத்தல், ரைஸ் குக்கர், அயன் போன்றவற்றைச் சுவர் பிளக்கில் நேரடியாக, ஒன்றுக்கு ஒன்றாகப் போடுங்கள். பிளக்கில் பழுப்பு நிறம், கருகிய மணம், செருகும்போது ஆட்டம் இருந்தால் அதைப் பாவிப்பதை நிறுத்துங்கள். வயரிங் தெரிந்த ஒருவரைக் கொண்டு மெயின் சுவிட்சை நிறுத்தி மாற்றுங்கள். பழைய வீடு என்றால் மற்றப் பிளக்குகளின் திருகாணிகளையும் அவரையே இறுக்கச் சொல்லுங்கள்.

ராத்தா சுவர் பிளக்கை மாற்றிவிட்டார். எக்ஸ்டென்ஷன் வயர் இப்போது கைப்பேசி சார்ஜ் பண்ண மட்டும்.

இன்றைக்குக் கேத்தல் கொதித்து முடிந்ததும் சுவிட்சை நிறுத்தி, காய்ந்த கையால் பிளக்கின் பிளாஸ்டிக் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.