பேஸ்மேக்கருக்கும் உண்டு செட்டிங்ஸ்!

கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டுகிறீர்கள். மைக் எவ்வளவு மெல்லிய ஒலியைப் பிடிக்க வேண்டும் என்றும் செட் செய்கிறீர்கள். மார்புத் தோலுக்கு அடியில் இருக்கும் பேஸ்மேக்கரிலும் இதே போன்ற இரண்டு செட்டிங்குகள் உண்டு.

1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு முதல் பேஸ்மேக்கர் உடலுக்குள் பொருத்தப்பட்டது. சில மணி நேரமே அது இயங்கியது. பின்னர் பல கருவிகளை மாற்றிக்கொண்டு அவர் 2001 வரை வாழ்ந்தார். இன்றைய கருவியை ஆபரேஷன் இல்லாமலே மாற்றி அமைக்கலாம். அதற்கான இயந்திரத்தின் பெயர் புரோகிராமர். பார்க்க லேப்டாப் போல இருக்கும். அதன் சிறு பகுதியை மார்பின் மேல் வைத்தால் கருவியோடு ரேடியோ மூலம் பேசும்.

பேஸிங்: இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்துடிப்பின் அளவு. டாக்டர் வோல்டேஜைப் படிப்படியாகக் குறைத்து, எந்த அளவு வரை இதயம் துடிக்கிறது என்று பார்ப்பார். அது 0.75 வோல்ட் என்றால், பாதுகாப்புக்காக ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது 1.5 வோல்ட் வைப்பது வழக்கம். தேவைக்கு மேல் வைத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும்.

சென்ஸிங்: இதயம் தானாகத் துடிப்பதைக் கருவி கவனிக்கும் திறன். இதன் அளவு மில்லிவோல்ட். இங்கே கணக்கு தலைகீழ்! எண் குறைந்தால் கவனம் கூடும். 2 மில்லிவோல்ட் என்று வைத்தால், அதற்குக் குறைந்த சிக்னல்களைக் கருவி கண்டுகொள்ளாது. எண்ணை மிகவும் குறைத்தால், தசை அசைவின் சிக்னலையும் இதயத் துடிப்பு என்று நம்பிக் கருவி சும்மா இருந்துவிடும். நோயாளி மயங்கி விழலாம். மிகவும் கூட்டினால், இதயம் தானாகத் துடிக்கும்போதும் தேவையின்றித் துடிப்பை அனுப்பும்.

இதிலும் சாப்ட்வேர் அப்டேட் உண்டு. அமெரிக்காவில் 2017-ல் பாதுகாப்புக் குறையைச் சரிசெய்ய, ஏறத்தாழ 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கு அப்டேட் அறிவிக்கப்பட்டது. மருத்துவமனையில் ஏறத்தாழ மூன்றே நிமிட வேலை.

ஒரு முக்கியக் குறிப்பு: ஒரு கம்பெனியின் புரோகிராமர் இன்னொரு கம்பெனியின் கருவியைப் படிக்காது. கடலூரிலோ சிதம்பரத்திலோ இருப்பவர் புதுச்சேரி ஜிப்மரிலோ சென்னையிலோ பேஸ்மேக்கர் வைத்திருக்கலாம். அவசரத்துக்கு உள்ளூர் மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். அங்கே முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி, எந்த மாடல்?" என்பதே. எனவே பேஸ்மேக்கர் அடையாள அட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். அதை ஸ்கேன் செய்து வீட்டுக் கம்ப்யூட்டரிலும் பிள்ளைகளின் போனிலும் ஒரு காப்பி வைத்துவிடுங்கள். செல்போனை மட்டும் கருவி இருக்கும் பக்கத்துப் பையில் வைக்காதீர்கள்; 15 செ.மீ. தள்ளியே இருக்கட்டும்.