ஊக்கமருந்தும் நாடுகளின் சட்டமும்

ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் முந்தினால், முந்தியவை அவனுடைய கால்களா, அவன் உண்ட மருந்தா என்ற ஐயம் இக்காலத்தில் எழுகிறது. ஊக்கமருந்தைத் தடுக்கப் பல நாடுகள் சட்டத்தின் துணையை நாடியுள்ளன. ஆயினும், தண்டனை யாருக்கு என்ற வினாவுக்கு அவை ஒரே விடை கூறவில்லை.

1965-ஆம் ஆண்டில் பெல்ஜியமும் பிரான்சும் இதற்கெனச் சட்டம் இயற்றின. தெரிந்தே ஊக்கமருந்தைப் பயன்படுத்தியவருக்கு அபராதம் என்றது பிரெஞ்சுச் சட்டம். 'தெரிந்தே' என்னும் அந்த ஒரு சொல்லில்தான் இடர்ப்பாடு இருந்தது. சிறுநீரைச் சோதித்தால் மருந்து புலப்படும். மனத்தில் இருந்த எண்ணம் புலப்படுமா? 'அறியாமல் உண்டேன்' என்று கூறி அனைவரும் தப்பிவிட்டால், மருந்தைத் தொடாமல் ஓடித் தோற்றவனுக்கு நியாயம் வழங்குவது யார்?

ஆகவே, விளையாட்டு உலகம் வேறொரு நெறியை மேற்கொண்டது. 1999-ல் தோன்றிய உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதித்தொகுப்பு 2004-ல் நடைமுறைக்கு வந்தது. தடைசெய்யப்பட்ட பொருள் வீரரின் உடலில் இருந்தாலே விதிமீறல் என்பது அதன் அடிப்படை. அவர் அறிந்து உண்டாரா என்பது தண்டனையின் அளவை முடிவு செய்யவே உதவும். இவ்விதிகள் அரசுகளை நேரே கட்டுப்படுத்தா. அக்குறையைப் போக்க, யுனெஸ்கோ 2005-ல் ஓர் உடன்படிக்கையை ஏற்றது. 2007-ல் அது செயலுக்கு வந்தது.

இந்நெறி வேண்டியதே; ஆனால் போதியதன்று. கிழக்கு ஜெர்மனியின் வரலாறு இதற்குச் சான்று. அங்கே இளம் நீச்சல் வீராங்கனைகள் பலருக்கு, வைட்டமின் என்று கூறி, ஆண்தன்மை தரும் ஹார்மோன் மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. மருந்து சேர்ந்தது அச்சிறுமியரின் உடலில், குற்றமோ கொடுத்தவருடையது. ஜெர்மனி ஒன்றான பின்னர், 2000-ஆம் ஆண்டில், கிழக்கு ஜெர்மனி விளையாட்டுத் துறையின் முன்னாள் தலைவர் மான்ஃபிரெட் எவால்டும் மருத்துவர் மான்ஃபிரெட் ஹெப்னரும், உடலுக்குத் தீங்கு விளைவிக்க உடந்தையாயிருந்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றனர். தண்டனை நிறுத்திவைக்கப்பட்டமையால், இருவரும் சிறை செல்லவில்லை.

ஒரு வீட்டைச் சோதனையிடவோ மருந்து விற்பவரைக் கைது செய்யவோ விளையாட்டுச் சங்கங்களுக்கு அதிகாரம் இல்லை; அது அரசுக்கே உரியது. இவ்வதிகாரத்தை நாடுகள் வெவ்வேறு வகையில் பயன்படுத்துகின்றன. இத்தாலி 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில், உண்டவருக்கும் கொடுத்தவருக்கும் சிறை விதித்தது. ஜெர்மனியின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்ந்த வீரர்களையும் மூன்றாண்டு வரை சிறைக்கு அனுப்ப இடமளித்தது. அமெரிக்கா 2020-ல் இயற்றிய சட்டமோ, சதி செய்வோருக்குப் பத்தாண்டு வரை சிறை என்று கூறி, போட்டியிடும் வீரரை அதினின்றும் விலக்கியது. 2022-ல் இயற்றப்பட்ட இந்தியச் சட்டம் போட்டித்தடை போன்ற ஒழுங்கு நடவடிக்கைகளோடு நின்றது.

சோதனைக் குப்பியில் அகப்படுபவர் வீரர் ஒருவரே. பயிற்சியாளரும் மருத்துவரும் வணிகரும் எந்தக் குப்பியிலும் அகப்படுவதில்லை. அவர்களைத் தேடிச் செல்லும் சட்டமே இளம் வீரருக்கு உண்மையான காவலாகும்.