அடிபட்டது எந்த இடத்தில்?



விபத்தில் சிக்கியவரைத் தூக்கி வருகிறவர்களிடம், "எங்கே அடிபட்டது?" என்று கேட்கிறோம். "பைபாஸில்" என்பார்கள். இன்னும் கேட்டால், "ஆண்டகளூர் கேட் தாண்டி" என்பார்கள். சிகிச்சைக்கு இது போதும். நாளை அதே இடத்தில் இன்னொருவர் அடிபடாமல் தடுக்க இது போதாது.

சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலையில் (பழைய என்.எச். 7, இன்று 44) லாரிகள் ஓயாது ஓடுகின்றன. தறியில் இரவு ஷிப்ட் முடித்தவர்களும் கோழிப்பண்ணைக்குப் போகிறவர்களும் விடியுமுன் நடந்தும் சைக்கிளிலும் அதைக் கடக்கிறார்கள். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள்.

சுமார் 500 மீட்டர் தூரத்துக்குள், மூன்று ஆண்டுகளில், மரணமோ கொடுங்காயமோ நேர்ந்த 5 விபத்துகள் அல்லது 10 மரணங்கள் இருந்தால் அது 'கரும்புள்ளி' எனப்படும். அப்படிக் கணக்கெடுத்தால்தான் அங்கே விளக்கோ நடைமேம்பாலமோ கேட்க முடியும். ஆனால் ஒரே மீடியன் இடைவெளியில் நடந்த இரு விபத்துகள் இரண்டு ஊர்ப் பெயர்களில் பதிவானால், அவை சேர்த்து எண்ணப்படுவதில்லை. 2021 முதல் தமிழ்நாட்டில் போலீசார் விபத்து நடந்த இடத்திலேயே நின்று, செல்போனில் 'ஐராட்' செயலி மூலம் அந்த இடத்தைப் பதிகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யும் தேசிய தகவல் மையமும் உருவாக்கியது இது.

நடப்பவரின் செல்போனே வருகிற வண்டியை எச்சரிக்கும் முறைகளும் உலகில் சோதிக்கப்படுகின்றன. சிக்கல் என்னவென்றால், சாதாரண போன் திறந்த வெளியிலும் சுமார் 5 மீட்டர் வரை தவறும். சாலையின் ஒரு தடமோ மூன்றரை மீட்டர்தான். டீக்கடை பெஞ்சில் இருப்பவரை நடுரோட்டில் காட்டிவிடும். பத்து முறை பொய்யாக அலறினால் பதினோராவது முறை டிரைவர் பொருட்படுத்துவாரா? 80 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போய்விடுமே.

ஆகவே இன்றைக்கு எங்கள் நம்பிக்கை எளிய பொருளில். டிம் வெளிச்சத்தில் கருப்பு உடைக்காரர் 30, 40 மீட்டரில்தான் தெரிவார். அந்த வேகத்தில் கார் நிற்கவே சுமார் 70 மீட்டர் வேண்டும், லாரிக்கு இன்னும் அதிகம். ஒளிரும் ஸ்டிக்கர் 100 மீட்டருக்கு அப்பாலும் தெரியும். பெடலில் ஒட்டினால் மேலும் கீழும் அசைவதால் சைக்கிள் என்று உடனே புரியும்.

எங்கள் விபத்துப் பதிவேட்டில் கிலோமீட்டர் கல்லின் எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். போலீசுக்கு அனுப்பும் தகவலிலும் எழுதுகிறோம். பாதி நாட்கள் அது காலியாகவே கிடக்கிறது. யாரையாவது தாங்கள் தூக்கி வர நேர்ந்தால், பக்கத்துக் கல்லைப் பார்த்து வையுங்கள். சட்டப்படி தங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. கல்லின் எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.