டெஸ் பிடித்தாரா?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய வழக்கு இல்லை இது. டாலஸ் கவ்பாய்ஸ் ரசிகர் யாரிடமாவது “டெஸ் அந்தப் பந்தைப் பிடித்தாரா?” என்று கேட்டுப் பாருங்கள். பத்து வருடம் கடந்தும் குரல் உயரும். கிரீன் பே பேக்கர்ஸ் ரசிகரோ விதிப்புத்தகத்திலிருந்து ஆரம்பிப்பார். ஒருவர் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார், மற்றவர் எழுதி வைத்திருப்பதைச் சொல்கிறார். அதனால்தான் சண்டை தீரவே இல்லை.

2015 ஜனவரி 11. விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே ஊரின் லாம்போ ஃபீல்டு. தோற்றால் சீசன் முடிந்தது என்கிற பிளே-ஆஃப் ஆட்டம். பேக்கர்ஸ் 26, கவ்பாய்ஸ் 21. ஐந்து நிமிடம்கூட மிச்சமில்லை. அமெரிக்கக் கால்பந்தில் 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு தருவார்கள். டாலஸுக்கு அது நான்காவது வாய்ப்பு, தேவை இரண்டே யார்டு. ஆனால் டாலஸின் பந்தெறிபவர் டோனி ரோமோ கோல் கோட்டுப் பக்கமாக நீளமாக எறிந்துவிட்டார்.

டாலஸின் டெஸ் பிரையன்ட், தன்னை ஒட்டி ஓடிவந்த பேக்கர்ஸ் தடுப்பாட்டக்காரர் சாம் ஷீல்ட்ஸின் தலைக்கு மேல் எம்பிப் பந்தைப் பற்றினார். கால்கள் தரையில் பட்டன. தடுமாறிக்கொண்டே எட்டு வைத்தார், பந்தை இடது கைக்கு மாற்றினார், கோட்டை நோக்கி நீட்டியபடி விழுந்தார். பந்து தரையில் மோதித் துள்ளியது. உருண்டுகொண்டே மறுபடி பிடித்துக்கொண்டார். களத்தில் சொன்ன தீர்ப்பு: கேட்ச், பந்து ஒரு யார்டு கோட்டருகே. பேக்கர்ஸ் பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தி சிவப்புக் கொடியை வீசி மேல்முறையீடு கேட்டார். நடுவர் ஜீன் ஸ்டெராடோர் ரீப்ளே பார்த்துவிட்டு வந்து, கேட்ச் இல்லை என்றார். பந்து பேக்கர்ஸ் கைக்குப் போனது. மிச்ச நேரத்தை அவர்களே ஓட்டி முடித்தார்கள்.

அன்றைய விதி இதுதான்: பந்தைப் பிடிக்கும்போதே கீழே விழுகிற ஆட்டக்காரர், தரையில் மோதி முடியும்வரை பந்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. 2023இல் லார்ட்ஸில் பென் டக்கெட் அடித்த பந்தை மிட்செல் ஸ்டார்க் சுத்தமாகத்தான் பிடித்தார். ஆனால் சறுக்கிக்கொண்டே போனபோது பந்து புல்லில் உரசியதால் நாட் அவுட். கையில் பந்து மட்டும் போதாது, உடம்பும் கட்டுப்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

டாலஸ் ரசிகர்களின் வாதத்தை அழுகை என்று தள்ளிவிடக் கூடாது. அதில் சட்டமும் இருக்கிறது. பிடித்த பிறகு ஆட்டத்துக்கே உரிய இன்னொரு செயலைச் செய்யும் அளவுக்குப் பந்து கையில் இருந்தால், கேட்ச் முடிந்துவிட்டதாகவே பொருள். கோட்டை நோக்கிக் கையை நீட்டியது அப்படிப்பட்ட செயல் இல்லையா என்று கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வி இன்னும் கனமானது. களத்தில் கேட்ச் என்று சொல்லியாகிவிட்டது; அதை மாற்ற மறுக்கவே முடியாத காட்சி வேண்டும். பார்க்கிறவர்களில் பாதிப்பேர் மறுக்கும் ஒன்று எப்படி மறுக்க முடியாததாகும்?

ஸ்டெராடோரின் கணக்கு வேறு. அந்த எட்டுகள் எல்லாம் விழுவதன் பகுதியே. நீட்டியதும் தனிச் செயலாகத் தெளிவாகத் தெரியவில்லை. என் தீர்மானம்: அன்றைய விதியின்படி அவர் சரி. சராசரி ரசிகனின் கண்ணும் சரி. தப்பு, கண்ணுக்குக் கேட்சாகத் தெரிவதைக் கேட்ச் இல்லை என்று சொல்லவைத்த விதியில் இருந்தது. கோபம் நடுவர் மேல் பாய்ந்தது அநியாயம்.

அதுவும் அவர் இந்தப் பழியைச் சுமந்தது முதல் தடவையல்ல. 2010 செப்டம்பரில் சிகாகோவில் டெட்ராய்ட் லயன்ஸின் கால்வின் ஜான்சன் கடைசி நொடிகளில் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைப் பிடித்தார், டச் டவுன் போலத் தெரிந்தது. எழும்போது பந்து கையைவிட்டு நழுவியதால் அது செல்லாமல் போனது. அன்றும் நடுவர் ஸ்டெராடோர்தான். விதிக்கே ஜான்சன் பெயர் ஒட்டிக்கொண்டது.

டெட்ராய்ட்காரர்களுக்கு டாலஸ் மேல் இரக்கம் வராததற்கும் காரணம் உண்டு. டெஸ் ஆட்டத்துக்கு ஒரே வாரத்துக்கு முன், ஜனவரி 4 அன்று, லயன்ஸுக்கும் டாலஸுக்கும் நடந்த ஆட்டத்தில், டாலஸ் தடுப்பாட்டக்காரர் மேல் நடுவர்கள் கொடி வீசி, தவறு என்று அறிவித்தும்விட்டு, பிறகு கொடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அப்போது லயன்ஸ் 20-17 என்று முன்னிலை. கடைசியில் 24-20 என்று தோற்றார்கள். அந்தக் கொடியை எதிர்த்து ஹெல்மெட் கூட இல்லாமல் களத்துக்குள் ஓடிவந்து கத்தியவர், சாட்சாத் டெஸ் பிரையன்ட்.

2018 மார்ச்சில் 32 அணி உரிமையாளர்களும் ஒருமனதாக விதியை மாற்றினார்கள். பந்து கட்டுப்பாட்டில், இரண்டு கால் தரையில், பிறகு மூன்றாவது எட்டோ கோட்டை நோக்கிய நீட்டலோ இருந்தால் போதும். விழுந்தபின் தரை என்ன செய்தாலும் கேட்ச்தான். புது விதிப்படி டெஸ் பிடித்தது செல்லும் என்று விதிக்குழுவே ஒப்புக்கொண்டது.

ஆனாலும் அந்தத் தீர்ப்பால் ஆட்டத்தையே பறித்துவிட்டார்கள் என்று டாலஸ் சொல்வது மட்டும் எனக்கு ஏற்பில்லை. கேட்ச் செல்லுபடியாகி, அடுத்த முயற்சியிலேயே டச் டவுன் போட்டு முந்தியிருந்தாலும், ஏறக்குறைய நான்கு நிமிடம் பாக்கி. பந்து பேக்கர்ஸின் பந்தெறிபவர் ஆரன் ராட்ஜர்ஸ் கைக்குப் போயிருக்கும். கெண்டைக்கால் காயத்தோடு நொண்டிக்கொண்டே அன்று அவர் 316 யார்டு எறிந்திருந்தார். அவருக்குத் தேவைப்பட்டிருக்கக்கூடியது பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் ஒரு ஃபீல்டு கோல்.