ஊதியம் பேசுதல் உலகாசையா?

மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஆலிம் ஒருவர் பெரிய கல்லூரி ஒன்றுக்கு அழைக்கப்படுகிறார். பாடம், நேரம், தங்குமிடம் யாவும் பேசப்படுகின்றன. ஊதியம் என்றதும் இரு தரப்பும் தலை குனிந்து கொள்கின்றனர். 'அதைப் பார்த்துக் கொள்ளலாம்' என்ற ஒரே சொல்லில் பேச்சு முடிந்துவிடுகிறது. உயர்ந்த பொறுப்பொன்றை ஏற்றபோது நானும் அவ்வாறு தலை குனிந்தவன்தான். பொறுப்பு இரட்டிப்பாயிற்று, ஊதியம் பழையபடியே நின்றது. கேளாதிருந்ததைப் பேணுதல் என்றே எண்ணியிருந்தேன். அதே ஆண்டில் மாணவர்களுக்கு இஜாராவின் பாடத்தை நடத்தியவனும் நானே!

அந்தப் பாடம் சொல்வது என்ன? உழைப்பை வாடகைக்குக் கொள்ளும் இஜாரா ஒப்பந்தத்தில் வேலையும் கூலியும் அறியப்பட்டிருத்தல் நிபந்தனையாகும். கூலி அறியப்படாவிடில் ஒப்பந்தம் குறையுடையது. வேலை முடிந்துவிட்டால், அத்தகைய பணிக்கு அவ்விடத்தில் வழக்கமாகக் கிடைக்கும் 'அஜ்ருல் மிஸ்ல்' எனும் நிகர் கூலியே உரியதாகும். கூலிக்கு அமர்த்துவோர் கூலியை முன்பே அறிவிக்க வேண்டும் என்ற கருத்தில் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்களின் கூற்றை நஸாயீ பதிவு செய்துள்ளார். எனவே 'பார்த்துக் கொள்ளலாம்' என்பது பெருந்தன்மையன்று. பிற்காலப் பிணக்கின் விதை.

தீன் பணிக்குக் கூலியா என்று சிலர் வினவலாம். குர்ஆன் கற்பிக்கக் கூலி பெறுதல் கூடாது என்றே முற்கால ஹனஃபீ இமாம்கள் கூறினர். பைத்துல்மாலிலிருந்து வந்த மானியங்கள் நின்று, கற்பிப்போர் குறையும் அச்சம் எழுந்தபோது பிற்கால அறிஞர்கள் அதனை அனுமதித்தனர். ஷாஃபிஈ மத்ஹபில் அது முன்பே அனுமதிக்கப்பட்டதாகும்.

மத்யனில் மூஸா (அலை) அவர்களின் நிலையை நோக்குக. புகலிடமற்றவராய் வந்தவர் அவர். ஆயினும், அல்கஸஸ் அத்தியாயம் காட்டும் அவ்வுடன்படிக்கையில் மங்கலானது எதுவுமில்லை. எட்டு ஆண்டுகள் கடமை. பத்தாக்குவது அவர் விருப்பம். அவரைச் சிரமப்படுத்த முதியவர் நாடவில்லை. இரு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் தம்மீது வரம்பு மீறல் கூடாதென மூஸா (அலை) உறுதி செய்துகொள்கிறார். தேவையுடையவரும் தம் எல்லையைத் தெளிவாகப் பேசலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

உயர் பொறுப்புக்கு மாறுவோருக்கு மிக நெருக்கமான முன்மாதிரி அபூபக்கர் (ரலி) அவர்களே. ஹிஜ்ரி 11இல் (கி.பி. 632) கலீஃபாவான பின்னரும் அவர்கள் துணிகளைத் தோளில் சுமந்து சந்தைக்குப் புறப்பட்டார்கள். உமர் (ரலி), அபூ உபைதா (ரலி) இருவரும் எதிர்ப்பட்டுத் தடுத்தபோது, குடும்பத்தை எவ்வாறு பராமரிப்பேன் என்று கேட்டார்கள். பைத்துல்மாலிலிருந்து படி நிர்ணயிக்கப்பட்டது. குடும்பத்தையும் கைவிட்ட வணிகத்தையும் காரணம் காட்டி அவர்கள் கூடுதல் கேட்க, 500 உயர்த்தப்பட்டதாக இப்னு ஸஅது ஓர் அறிவிப்பைத் தருகிறார். தாம் பெற்றதற்கு ஈடாகத் தம் சொத்திலிருந்து திருப்பித் தருமாறு மரணத் தறுவாயில் கட்டளையிட்டவரும் அவர்களே. கேட்டது பேராசையால் அன்று என்பதற்கு இது போதும்.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க நடைமுறை எளிது. புதிய பொறுப்பை ஏற்குமுன் அதன் நிகர் கூலியை அத்துறையார் பலரிடம் விசாரித்தறிய வேண்டும். விட்டுச் செல்லும் ஊதியம், வீடு, பிற வருவாய் ஆகியவற்றைக் கணக்கிட வேண்டும். அல்கஸஸ் அத்தியாயம் பணியாளரிடம் காணும் வலிமை, நம்பகம் ஆகிய இரண்டையும் முன்வைத்துத் தொகையைக் கூற வேண்டும். கடனை எழுதிக்கொள்ளப் பணித்த மார்க்கத்தின் ஞானத்தை இங்கும் கையாண்டு எழுத்தில் பெற வேண்டும். 'சம்மதிக்கிறேன்' என்ற சொல்லுக்கு முன்பே இப்பேச்சு நிகழ வேண்டும். பின்னர்ப் பேசினால் அது முறையீடாகவே கொள்ளப்படும்.

வரம்பும் உண்டு. பழைய ஊதியத்தைக் கூட்டிச் சொல்வது பொய். இல்லாத வேறோர் அழைப்பை இருப்பதாகக் காட்டி விலையேற்றுவது, வணிகத்தில் தடுக்கப்பட்ட 'நஜ்ஷ்' எனும் செயலின் சாயல் கொண்டது. கூலியை முழுமையாகப் பேசிவிட்டு உழைப்பைக் குறைப்பவர், அளவையில் மோசம் செய்வோர் பற்றிய எச்சரிக்கையை அஞ்ச வேண்டும்.

அவ்வெச்சரிக்கை நிர்வாகிகளுக்கும் உரியதே. எதிரில் இருப்பவர் வெட்கத்தால் வாய் திறவாதபோது, தொகையை முதலில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களே. ஒருவரது நாணத்தைத் தம் இலாபமாக்கிக் கொள்வது அமானிதத்திற்கு அழகன்று.