ஐக்கியமா, அபகரிப்பா?

ஒரு ஜாதியாரைத் துப்பாக்கியால் அடக்குவது ஒரு விதம். அன்பின் பெயரால் அவர்களைத் தம்மவராக்கிக்கொண்டு, அவர்களுக்கென்று ஒரு குலமும் பாஷையும் இருந்தன என்ற ஞாபகத்தையே அழித்துவிடுவது மற்றொரு விதம். ஆஸ்திரேலிய சர்க்கார் இரண்டையுமே கையாண்டனர். கலப்பு இரத்தமுள்ள ஆதிக்குடிகளை வெள்ளையரோடு கரைத்துவிடுவதே முடிவான லட்சியம் என்று 1937-ல் கான்பெராவில் கூடிய அதிகாரிகளின் மகாநாடு கூசாமல் தீர்மானித்தது. தாயின் மடியிலிருந்து பறிக்கப்பட்ட குழந்தைகள் மிஷன் விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்ந்தன. 1910 முதல் 1970 வரை இவ்வாறு பிரிக்கப்பட்டவை பத்தில் ஒன்றுக்குக் குறையாது, மூன்றில் ஒன்றாகவும் இருக்கலாம் என்று 1997-ல் வெளியான விசாரணை அறிக்கை கணக்கிட்டது.

இந்தக் கொள்கை ஓங்கியிருந்த 1955-ல் சார்லஸ் சாவெல் 'ஜெட்டா' என்ற வர்ணப் படத்தை வெளியிட்டார். தன் சிசுவை இழந்த வெள்ளை மாது ஒருத்தி, அநாதையான ஆதிக்குடிப் பெண்ணை எடுத்துத் தன் நாகரிகத்தில் வளர்க்கிறாள். பெண்ணோ தன் ஜாதியான் ஒருவனால் கவரப்பட்டு, மலையுச்சியிலிருந்து விழுந்து மடிகிறாள். கதை சௌகரியமாக முடிந்துவிட்டது!

ஜெட்டா சாகாதிருந்தால்? 1990-ல் டிரேஸி மொபட் இயக்கிய 'நைட் கிரைஸ்' என்ற சோதனைப் படம் இதைத்தான் கேட்கிறது. மொபட்டும் ஆதிக்குடி மரபினர். வெள்ளைக் குடும்பத்தில் வளர்ந்தவர். இருபது நிமிஷத்துக்கும் குறைந்த அப்படத்தில் ஸம்பாஷணையே இல்லை. வர்ணம் தீட்டிய திரைகளாலான பாலைவனம். அதன் நடுவே ஒற்றை வீடு. வளர்த்தவள் இப்பொழுது உடல் ஒடுங்கிய கிழவி. நடுவயதை எட்டிய மகள் ஊட்டுகிறாள், கால் கழுவுகிறாள், சக்கர நாற்காலியைத் தள்ளுகிறாள். சாட்டையைச் சொடுக்கவும் செய்கிறாள்.

வளர்த்தவர்களில் நல்லவர்களும் உண்டே என்று சிலர் சமாதானம் கூறுவதுண்டு. உண்டு, அதனால்தான் இப்படம் உறுத்துகிறது. கொடியவளானால் மகள் கதவைத் திறந்துகொண்டு போயிருப்பாள். பாசமும் களவும் ஒரே கூரையின் கீழ் இருந்தமையால் அவளுக்குப் போக வழியில்லை. போனாலும் சேர ஊரில்லை. கிழவி இறந்தபின் அப்பிரேதத்தின் பக்கத்தில் மகள் குழந்தைபோல் சுருண்டு கிடக்கிறாள். சிசுவின் அழுகுரல் கேட்கிறது.

பார்லிமெண்டில் பிரதம மந்திரி கெவின் ரட் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13-ந் தேதி. படம் வெளிவந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது.