மூட்டு நோயுற்ற குதிரைகளும் மருந்தின் நெடுநாட் பயனும்

உழவு மாடொன்று நொண்டத் தொடங்கினால் ஓர் ஊசி மருந்து ஏற்றியவுடன் மறுநாள் நன்றாக நடக்கும் எனக் கமக்காரர் பலர் கருதுகின்றனர். அவ்வாறு நடப்பதும் உண்டு. ஆனால் ஆறு மாதஞ் சென்ற பின்னர் அம்மூட்டு எந்நிலையில் இருக்கும் என்பதைச் சிலரே சிந்திக்கின்றனர். இவ்வினாவிற்கு விடை மாட்டிலும் பார்க்கக் குதிரையிலேயே அதிகம் தேடப்பட்டுள்ளது. நெடுந்தீவின் மட்டக்குதிரைகளை நீக்கினால் எமது கமக்காரருக்குக் குதிரையோடு தொடர்பு மிகக் குறைவு. எனினும் பந்தயக் குதிரையின் விலை பெரிதாதலின், மேனாட்டார் அதன் மூட்டைப்பற்றி ஆராய்ந்தறிந்தவை பல. மாடு வளர்ப்போருக்கும் அவை பயன்படும்.

மூட்டினுள் எலும்பின் நுனிகளை வழுவழுப்பான கசியிழையம் மூடியிருக்கும். மூட்டைச் சூழ்ந்த உறையின் உட்புறத்திலிருந்து எண்ணெய் போன்ற நீர் சுரந்து, நுனிகள் உராயாவண்ணம் காக்கும். கசியிழையத்தில் இரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ஆதலின் அது தேயும்பொழுது வலி தோன்றுவதில்லை. தேய்ந்தபின் முன்போல வளர்வதுமில்லை. உறை அழற்சியுற்று வீங்கிய பின்னர், அல்லது அடியிலுள்ள எலும்பு தாக்கப்பட்ட பின்னரே மிருகம் நொண்டுகிறது. நாம் நொண்டலைக் காணும் நாளில் நோய் பெரும்பாலும் பழையதாகிவிட்டது. மருந்து வலியையும் வீக்கத்தையும் தணிக்கலாம். தேய்ந்து போனதை மீட்டுத் தராது.

குதிரைகளுக்கு மிகுதியாக வழங்கப்படும் நோவு நீக்கி பினைல்பியூற்றசோன் ஆகும். இது 1949 ஆம் ஆண்டில் மனிதருக்கென வெளிவந்து, 1950 களிற் குதிரைகளுக்கும் வழங்கலாயிற்று. விலை குறைந்தது, வாயாலும் கொடுக்கலாம். முதியதொரு குதிரை இதன் உதவியால் ஆண்டுக்கணக்காக இலகுவான வேலை செய்தல் கூடும். ஆயினும் அளவு மிஞ்சினாலும், குடிநீர் குறைந்த காலத்திற் கொடுத்தாலும் இரைப்பையிலும் பெருங்குடலிலும் புண் உண்டாகும், சிறுநீரகமும் கெடும். வலியை மறைப்பது மற்றொரு கேடு. 1968 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் கென்ரக்கிப் பந்தயத்தில் முதலாவதாக வந்த டான்சர்ஸ் இமேஜ் என்னுங் குதிரையின் சிறுநீரில் இம்மருந்து காணப்பட்டமையால் அதன் வெற்றி பறிக்கப்பட்டது. நோவுற்ற மூட்டுகளையுடைய குதிரை அது. வழக்கு நெடுங்காலம் நடைபெற்றது.

மூட்டினுள்ளேயே ஏற்றப்படும் கோட்டிசோன் இன மருந்துகளின் வரலாறு இன்னும் படிப்பினை மிக்கது. 1950 களில் இவை குதிரைகளுக்கு ஏற்றப்பட்டபொழுது, நொண்டிய குதிரை சில நாட்களில் ஓடுவதைக் கண்டு யாவரும் வியந்தனர். ஓய்வு கொடாது மீண்டும் மீண்டும் ஏற்றி ஓட்டினர். பின்னர் மூட்டுகள் பாழாகிய செய்திகள் வரத் தொடங்கின. மருந்து கெடுத்ததா, ஓட்டம் கெடுத்ததா என்பது நெடுங்காலம் விவாதத்திற்குரியதாக இருந்தது. கொலராடோ அரசினர் பல்கலைக்கழகத்தார் 1997, 1998 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆராய்ச்சிகள் ஒரு தெளிவைத் தந்தன. இவ்வினத்து மருந்துகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. மெதயில்பிரெட்னிசொலோன் ஏற்றிய மூட்டுகளிற் கசியிழையம் மேலும் பழுதுற்றது. றையம்சினலோன் ஏற்றியவற்றில் நொண்டல் குறைந்ததோடு கசியிழையமும் ஒப்பளவில் நன்றாக இருந்தது.

நெடுநாட் பயன் எவ்வளவு? ஒல்லாந்து நாட்டில் நொண்டும் 80 குதிரைகளில் நடத்தி 2016 இல் வெளியிட்ட சோதனை ஒன்றைக் கூறலாம். றையம்சினலோன் மட்டும் பெற்றவற்றில் 3 வாரத்தின் பின் நூற்றுக்கு ஏறக்குறைய 88 குணங் கண்டன. அதனோடு விலையுயர்ந்த கயலுரோனேற்றையும் சேர்த்துப் பெற்றவற்றில் நூற்றுக்கு 64 மாத்திரமே குணங் கண்டன. ஆனால் 3 மாதத்தின் பின் இரு கூட்டத்திலும் பாதியளவான குதிரைகளே முன்னைய வேலைக்கு மீண்டிருந்தன. விலை கூடிய கலவை சிறந்ததென எண்ணுவோர் இதனைக் கவனித்தல் நன்று. மூன்று வாரத்துக் காட்சியை மாத்திரம் நம்பி மிருகத்தை விலைக்கு வாங்குபவர் ஏமாறவும் இடமுண்டு.

பின்னங்காற் கணுமூட்டின் கீழ்ப்பகுதியிலுள்ள சிறு மூட்டுகள் இதற்கு ஒரு புறநடை. அவை அதிகம் அசைவன அல்ல. சில குதிரைகளில் அங்குள்ள எலும்புகள் காலப்போக்கில் ஒன்றோடொன்று பொருந்தி ஒட்டிவிட, வலி நீங்கி, மிருகம் மருந்தின்றியே வேலை செய்யும். அதிகம் அசையும் மூட்டுகளில் இத்தகைய நன்மையை எதிர்பார்க்க முடியாது. அங்கு உடற்பருமனைக் குறைத்தல், குளம்பைச் சரியாக வெட்டுதல், கடுந்தரையில் விரைந்து ஓட்டாமை, அளவான நடை ஆகியனவே மருந்தின் பயனை நீடிக்கச் செய்வன.

இனி மாடுகளுக்கு வருவோம். மாட்டின் நொண்டல் பெரும்பாலும் குளம்பிலேயே தொடங்குகிறது. ஆதலின் மூட்டைக் குறைகூறு முன் குளம்பைத் தூக்கிக் கழுவிப் பார்த்தல் வேண்டும். இளங்கன்றின் மூட்டு வீங்கிச் சூடாக இருப்பின், அது தொப்புள் வழியே புகுந்த கிருமியினால் ஏற்பட்டிருத்தல் கூடும். அத்தகைய மூட்டினுட் கோட்டிசோன் இன மருந்தை ஏற்றுதல் பெருந்தீங்கு. அன்றே மிருக வைத்தியரிடம் காட்டுக.

நோவு நீக்கியின் விளைவு மாட்டோடு முடிவதுமில்லை. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மாடுகளுக்கு டைக்குளோபினாக் கொடுத்தனர். அம்மாடுகள் இறந்தபின் அவற்றைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. காரணம் 2004 இல் வெளியாயிற்று. அதற்கிடையில் மூவினக் கழுகுகள் நூற்றுக்கு 95 இற்கு மேல் அழிந்துவிட்டன. 2006 இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகள் மாட்டு வைத்தியத்திற்கான அம்மருந்தின் உற்பத்தியைத் தடுத்தன; கழுகுகளுக்குத் தீங்கற்றதெனக் கண்ட மெலொக்சிகாம் அதற்குப் பதிலாக வழங்கப்படுகிறது.

பினைல்பியூற்றசோன் மனிதரின் இரத்த உற்பத்தியைக் கெடுக்கக் கூடியதாகையால், ஐக்கிய அமெரிக்காவில் 20 மாதமும் அதற்கு மேலும் வயதுடைய பாற்பசுக்களுக்கு அதனைக் கொடுத்தல் 2003 இல் தடுக்கப்பட்டது. குதிரைக்கென வாங்கிய மருந்து வீட்டில் எஞ்சியிருப்பினும் அதனைப் பசுவிற்குக் கொடுத்தலாகாது. பசுவிற்கு எந்த ஊசி ஏற்றப்பட்டாலும் மருந்தின் பெயரையும் திகதியையும் எழுதி வைத்துக்கொண்டு, எத்தனை நாட்களுக்குப் பாலை விற்கலாகாதென மிருக வைத்தியரிடம் கேட்டறிக. அந்நாட்களிற் கறக்கும் பாலைக் கன்றுக்கும் ஊட்டாது கொட்டிவிடுக.